கிரைய ஒப்பந்த வழக்கு மாதிரிப் பிராது: வேண்டாதது நிறைய, வேண்டியது ஒரே வரி

பிராது என்பது வழக்கைத் தொடங்க வாதி தாக்கல் செய்யும் மனு. நீதிமன்ற வாசல் நகல் கடைகளில் வேர்ட் கோப்பாகக் கைமாறும் மாதிரிப் பிராதுகளில் ஒன்று இது. கிரைய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்குக்கானது. பெயர், தேதி, தொகையை நிரப்பினால் போதும் என்றுதான் விற்கிறார்கள். அப்படியே தாக்கல் செய்துவிடாதீர்கள்.

சொத்து விவரம் ஒழுங்கு: புல எண், பரப்பு, நான்கெல்லைக்குத் தனித்தனி இடம். தொகைகள் எண்ணிலும் எழுத்திலும் உள்ளன. மாற்றுப் பரிகாரமாக முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் மறக்கவில்லை.

கோளாறு நடுப்பக்கங்களில். பிரதிவாதிக்கு எங்கெங்கே கடன், விலை ஏறியதும் தரகரிடம் என்ன சொன்னார், வாட்ஸ்அப் உரையாடல் வரிக்கு வரி. இவை வழக்கோடு தொடர்புடைய சங்கதிகள்தான், சாட்சியத்தில் சொல்லலாம். ஆனால் பிராதுக்குள் நுழைய அந்தத் தொடர்பு மட்டும் போதாது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 6 விதி 2 கேட்பது அடிப்படைச் சங்கதிகளை மட்டுமே, அவற்றுக்கான சான்றை அல்ல. தரகர் பேச்சை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வழக்குமூலம், அதாவது வழக்குப் போட உரிமை தரும் காரணம், அசையாமல் நிற்கும். அப்படியானால் அதற்கு இடம் நிரூபண வாக்குமூலம், அதாவது விசாரணையில் சாட்சியமாகத் தரும் எழுத்து வாக்குமூலம். குடும்பச் சண்டை பற்றிய பத்தி இன்னும் மோசம். அதை நீக்கச் சொல்லி எதிர்த்தரப்பு அதே கட்டளையின் விதி 16-ன் கீழ் மனுப் போட நாமே வழி விடுகிறோம்.

இவ்வளவு எழுதியவர்கள் வழக்கின் உயிர்நாடியை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: 'வாதி எப்போதும் தயாராக உள்ளார்.' ஒப்பந்தத்தில் தன் பங்கை நிறைவேற்ற வாதி எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நிரூபிக்கச் சொல்லும் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் பிரிவு 16(சி) முன் இது நிற்காது. பாக்கித் தொகை எவ்வளவு, அதைத் தர வாதிக்கு என்ன வசதி, கிரையம் எழுதித்தரக் கேட்டு அறிவிப்பு அனுப்பிய தேதி, பிரதிவாதி மறுத்த தேதி என எல்லாம் வேண்டும். வங்கிக் கணக்குத் தாள் ஆவணப் பட்டியலுக்குப் போகட்டும். மறுப்புத் தேதிக்கு மாதிரியில் இருப்பது 'சமீபத்தில்' என்ற சொல்! ஒப்பந்தத்தில் கெடு குறிக்காதபோது, 3 ஆண்டுக் காலவரையறை ஓடத் தொடங்குவதே மறுப்பை வாதி அறிந்த நாளிலிருந்துதான்.

மின்னணு ஆவணச் சான்றிதழில் இன்னும் பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 65பி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது பிரிவு 63; ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறிக்க வேண்டும்.

விட்டதைப் பிறகு திருத்த மனுவில் சேர்க்கலாம் என்பார்கள். விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனம் எடுத்தும் முன்பே எழுப்ப இயலவில்லை என்று காட்டினால்தான் கட்டளை 6-ன் விதி 17 இடம் தரும்.