எந்தக் கதவைத் தட்ட? குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி: ஒரு நாட்டுப்புறக் கலை டீச்சரின் புலம்பல்

அம்பாசமுத்திரத்தில் கோடை விடுமுறைக்கு ஓவிய வகுப்பு ஆரம்பிக்கப்போகிற தோழி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீங்க வருஷா வருஷம் எடுப்பீங்களே, அந்தக் குழந்தைப் பாதுகாப்பு ஆன்லைன் கோர்ஸ், இப்போ பாதி விலைக்குக் கிடைக்குது. சேரட்டுமா?" போனில் பாதி திட்டும் பாதி பாராட்டுமாகச் சொல்லி அவளைக் குழப்பிவிட்டேன். எழுதினாலாவது தெளிவாக வருகிறதா பார்ப்போம்.

கோர்ஸில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், குழந்தைகள் உதவி எண் 1098, கடைசியில் கேள்வி பதில், சான்றிதழ். நான் பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குக் கரகமும் ஒயிலாட்டமும் சொல்லிக்கொடுக்கிறேன். சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் கோயில் கொடை விழாக்களுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். கலைக்குழுக்களுக்கென்றே தயாரித்த பயிற்சி என்றார்களே என்று சேர்ந்தேன்.

இன்றுவரை எனக்கு ஆறாத எரிச்சல், உடை மாற்றும் அறை பற்றிய பாடம். இங்கிலாந்தில் எடுத்த வீடியோ, மேலே தமிழ்க் குரல். சுற்றிலும் விளக்கு பதித்த கண்ணாடி, பையன்களுக்கு ஓர் அறை, பெண் பிள்ளைகளுக்கு ஓர் அறை. பெரியவர்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டுமாம். சரி, எந்தக் கதவை? நாங்குநேரிப் பக்கம் அம்மன் கோயில் கொடைக்குப் போனால் எங்களுக்குக் கிடைப்பது ஒரு வேப்பமரம், அதில் கட்டிய இரண்டு பழைய சேலை. பின்பக்கம் டியூப்லைட் எரியும். உள்ளே நின்று உடை மாற்றுகிற பிள்ளையின் நிழல் சேலையில் அப்படியே விழும், வெளியே முறுக்கு விற்கிறவர் வரைக்கும் தெரியும். அந்த நிழலைப் பற்றிக் கோர்ஸில் ஒரு வரி கிடையாது. நாங்களாகத்தான் வழி கண்டுபிடித்தோம்: வீட்டிலேயே உடுத்தி, மேலே ஒரு நைட்டியோ சட்டையோ போட்டுக் கூட்டி வரச் சொல்லிவிட்டோம். நடுவில் மாற்றவேண்டியிருந்தால் வேனில் எப்போதும் கிடக்கிற கறுப்புத் தார்ப்பாயைக் கட்டுகிறோம்.

செல்போன் விஷயத்தில் கோர்ஸ் சொன்னது சரி. பிள்ளைகள் தயாராகும் இடத்தில் யார் கையிலும் போன் கூடாது. ஒரு நார்ப்பெட்டியில் எல்லோர் போனையும் வாங்கி வேன் டிரைவரிடம் கொடுத்துவிடுவோம். முதல் தடவை பெட்டியை நீட்டியபோது மேளக்கார அண்ணாச்சி முகம் சிவந்துபோனது. "ஏன் தாயி, இந்தப் புள்ளைய எல்லாம் நம்ம புள்ளைய தானே? எங்களையே சந்தேகப்படுதியளா?" என்றார். என் போனை முதலில் போட்டுவிட்டு அவர் முன்னால் பெட்டியோடு நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். இப்போது புதிதாக வருகிற பையன்களிடம் வாங்கிப் போடுகிறவரே அவர்தான்.

அடுத்த கோபம் கணக்கில். மேடையேறும் 12 பிள்ளைகளுக்கு ஒரு காப்பாளராவது வேண்டும் என்று திரும்பத் திரும்ப வரும். அது இங்கிலாந்தின் விதி. நம் நாட்டில் 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள், சினிமா, டிவி, வணிக நிகழ்ச்சிகளில் வரும் குழந்தைகளுக்கு ஐந்து பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லாமல் எவனோ ஊர்க் கணக்கை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு எதற்குக் காசு? குழந்தைகளோடு பழகும் நிறுவனங்கள் ஊழியர்களைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும், அவ்வப்போது பயிற்சி கொடுக்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்வதைக்கூட ஒற்றைப் பக்கத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

ஆனால் நேரில் ஒரு நாள் வகுப்பு உண்டு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி ஹாலில் நடந்தது. அதற்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று சில நாள் தோன்றும். ஒரு பிள்ளை நம்மிடம் வந்து ஏதோ சொன்னால் என்ன செய்வது என்பதுதான் அன்றைய பாடம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் பண்ணக்கூடாது. "நீ ஏன் அங்கே போனே?" என்று கேட்கக்கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே, தேதி, நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். நாமே விசாரிக்கக் கிளம்பக்கூடாது, காவல்துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஆதாரம் கையில் இருக்கவேண்டியதில்லை, நல்லெண்ணத்தில் சொன்னதற்காக நம்மேல் வழக்கு வராது. அப்புறம், வாக்குமூலம் வாங்கப் போலீஸ் சீருடையில் வரக்கூடாது, பிள்ளையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோதான் வரவேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஸ்டேஷன் வாசலை நினைத்தே வாயை மூடிக்கொள்கிற பெற்றோர் எத்தனை பேர்!

நம் ஊரில் பெரிய மனிதர்கள் நாலு பேர் உட்கார்ந்து "பேசி முடிச்சிருவோம்" என்பார்களே, அந்த வழக்கத்தை வகுப்பு நடத்தியவர் அன்று விட்டுவைக்கவில்லை. தெரிந்தும் புகார் செய்யாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. ஹாலில் குழு நடத்துகிறவர்கள் பலர் இருந்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை.

இந்த நேர்வகுப்பு முதல் வருடத்தோடு சரி. அப்புறம் வருடாவருடம் சான்றிதழைப் புதுப்பிக்க அதே வீடியோ, அதே கண்ணாடி அறை. குரல் முடிகிறவரை 'அடுத்து' பொத்தான் அமுங்காது. வீடியோவை ஓடவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன். கேள்விகளும் அப்படித்தான், சரியான விடை எது என்று பாடத்தைப் பார்க்காமலே தெரியும்.

தோழிக்கு என் பதில்: பாதி விலையானாலும் ஆன்லைன் பகுதிக்கு அது அதிகம், எடுக்காதே. நேர்வகுப்பை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பார், தந்தால் முழு விலை கொடுத்தாவது போ, உதவிக்கு வரும் பையனையும் கூட்டிக்கொண்டு போ. நானா? ஆவணியில் எனக்குப் புதுப்பிக்கும் தேதி வருகிறது. கட்டத்தான் போகிறேன், திட்டிக்கொண்டே.