பெரியவங்க படிக்கும்போது சின்னவனுக்கு என்ன வேலை? மூன்று வருட அனுபவம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது எங்கள் கடைக்குட்டி கைக்குழந்தை. 2021 நவம்பர் 1 அன்று ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை திறந்தார்கள். அதற்குள் மகளும் பெரிய மகனும் வீட்டில் படித்துப் பழகிவிட்டார்கள். இப்படியே தொடரலாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். பாடம் சொல்லித் தருவதைப் பற்றித்தான் அப்போது கவலைப்பட்டோம். ஆனால் முதல் ஒரு வருடம் என்னைத் திணறடித்தது பாடமே அல்ல, இரண்டு வயதுச் சின்னவன்தான். அண்ணனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருப்பேன். இவன் மேசைமேல் ஏறி நோட்டில் தண்ணீரைக் கொட்டுவான். அக்கா எழுதும் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். பதினோரு மணிக்குள் நாலு பேரும் அழுதிருப்போம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது மகளுக்கு 12, பெரியவனுக்கு 9, சின்னவனுக்கு ஐந்து. நடுவில் வாங்கியதும் செய்ததும் நிறைய. எது எவ்வளவு நாள் நின்றது என்று எழுதி வைத்தால், இதே நிலையில் இருக்கும் அம்மாக்களுக்கு உதவும்.

முதலில் செல்போன். ஆரம்பத்தில் அரை மணி நேரம் பாட்டு வீடியோ கொடுத்தேன். வீடு அமைதியானது, பாடம் ஓடியது. மூன்றே வாரத்தில் அது ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. பிடுங்கும்போது அழுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போனைப் பார்த்த நாளில் அதன்பிறகு எந்தப் பொருளோடும் அவன் ஐந்து நிமிடம் உட்காரவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதுவும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. ஒரு வயதிலிருந்தே தினமும் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இரண்டாவதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. விடிந்ததிலிருந்து அவனை வீட்டுக்குள் அடைத்து வைத்துவிட்டு, ஒன்பது மணிக்குச் சும்மா இரு என்றால் எப்படி இருப்பான்? போனை நிறுத்தினேன். நாலு நாள் பாடமே நடக்கவில்லை. பிறகு காலை ஏழரைக்கு மூன்று பேரையும் பக்கத்து மைதானத்தில் ஓடவிட்டுக் கூட்டிவர ஆரம்பித்தோம். இன்றுவரை மழை நாள் தவிர அது நிற்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் தந்தது காசு கொடுத்து வாங்கியது அல்ல. பாட நேரத்தின் முதல் அரை மணியை அவனுக்குக் கொடுத்தேன். முன்பெல்லாம் “நீ போய் விளையாடு கண்ணு, அம்மா இதோ வர்றேன்” என்பேன். அந்த ‘இதோ’ வரவே வராது, அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் விடாமல் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். இப்போது ஒன்பது மணிக்கு மடியில் உட்கார்த்திக் கதைப் புத்தகம், பாட்டு, அவன் கேட்கிற விளையாட்டு. அந்த நேரம் பெரியவர்கள் இருவரும் தாங்களாகச் செய்யக்கூடிய எழுத்து வேலையை முடிப்பார்கள். அரை மணி முடிந்ததும் அவனே இறங்கிப் போனான். முதல் தடவை எனக்கு நம்பவே முடியவில்லை.

இறங்கிப் போனவனுக்கு என்ன வேலை? இங்கேதான் மாண்டிசோரி அம்மையாரின் முறை கைகொடுத்தது. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்திருக்கிறார். சின்னக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமானைவிட வீட்டு வேலை பிடிக்கும், அதை அவன் கைக்கு ஏற்ற அளவில் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் எடுத்துக்கொண்டது. ஒரு தாம்பாளம், இரண்டு கிண்ணம், ஒரு கரண்டி, கொஞ்சம் கொண்டைக்கடலை. இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டரை வயதில் இருபது நிமிடம் அசையாமல் இருந்தான்.

ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாள் அக்காவின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு கடலையை மூக்கில் போட்டுக்கொண்டான். மருத்துவர் எடுத்துவிட்டுச் சொன்னார்: “இதெல்லாம் ஈரத்தில் ஊறிப் பெருக்கும்மா. வீட்டில் ஊக்கு, குச்சி விட்டு நோண்டாம உடனே கூட்டிட்டு வந்தீங்களே, அது நல்லது.” அன்று கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதோடு பருப்பு, கடலை, புளியங்கொட்டை எல்லாம் மேல் அலமாரிக்குப் போயின. வாய்க்குள் போகாத பெரிய கூழாங்கல், மூடியோடு கூடிய டப்பாக்கள் கீழே வந்தன. பாட்டுப் பாடும் பொம்மைகளையும் அன்றே சோதித்தேன். ஒன்றில் பொத்தான் பேட்டரி இருந்த இடத்து மூடிக்குத் திருகாணியே இல்லை. விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும் பொருள் அது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

நெடுநாள் நின்றது தண்ணீர். பின்கட்டில் ஒரு அகல வாளி, சொம்பு, டம்ளர், புனல். கால்வாசிக்கு மேல் நிரப்புவதில்லை. படிக்கிற மேசையை அந்தக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டேன், கண் அவன்மேலேயே இருக்கும். நாற்பது நிமிடம் உத்தரவாதம். வெயில் காலத்தில் இன்னும் கூட.

அதைவிடவும் நின்றது முருங்கைக்கீரை. கீரையைக் கொத்தாக அவன் முன்னால் வைப்பேன். நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு இலையாகக் கிள்ளுவான். முதலில் பாதி ஈர்க்கும் சேர்ந்து வந்தது. “அம்மா, இது குட்டி இலை, இதோட அம்மா இது” என்று இரண்டு இரண்டாக அடுக்குவான். அண்ணன் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தால் இவனும் கீரையைக் கிள்ளியபடி கூடவே முணுமுணுப்பான். மூன்றரை வயதில் ஈர்க்கு இல்லாமல் ஆயக் கற்றுக்கொண்டான். மத்தியானம் சாப்பிடும்போது அப்பத்தா தட்டில் பொரியலைப் பார்த்து, “நான் ஆஞ்ச கீரை அப்பத்தா” என்பான். அவரும் விடாமல், “அதுதான் இத்தனை ருசியா இருக்குதா சாமி?” என்பார். பச்சைப் பட்டாணி உரிப்பது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது எல்லாம் இதே வகைதான். அவனைப் பொழுதுபோக்க வைக்கிறேன் என்று நினைத்த நாளெல்லாம் தோற்றேன். அவனுக்கும் இந்த வீட்டில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று உணரவைத்த நாளெல்லாம் பாடம் நடந்தது.

மாவு உருண்டை வீட்டிலேயே செய்துவிடலாம். மைதா இரண்டு கப், உப்பு ஒரு கப், தண்ணீர் இரண்டு கப், எண்ணெய் இரண்டு கரண்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு. அடுப்பில் சிறுதீயில் கிளறினால் அல்வா மாதிரி சுருண்டு வரும். பீட்ரூட் சாறு, மஞ்சள்தூள் சேர்த்தால் நிறம். ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்குகிறது, மழைக்காலத்தில் உப்பு நீர்விட்டுப் பிசுபிசுக்கும். உப்பு அதிகம் என்பதால் வாயில் வைக்காத பழக்கம் வந்த பிறகு கொடுங்கள்.

கடையில் வாங்கியதில் சொல்லும்படியானது மரக்கட்டைகள்தான். சாயம் பூசாத நூறு கட்டைகள். மூன்று வருடமாகக் கிட்டத்தட்ட தினமும் கையில் இருக்கின்றன. கர்நாடகத்துச் சென்னபட்டணம் மரச் சொப்புச் சாமானும் நன்றாக உழைத்தது. வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு பூசுவார்கள். இவன் ஒரு நாள் முழுக்க வாளியில் ஊறப்போட்டதில் பளபளப்பு மங்கிவிட்டது, மற்றபடி உடையவில்லை. அழித்து அழித்து எழுதும் பயிற்சிப் புத்தகம் வீண். பேனா பன்னிரண்டு நாளில் காய்ந்தது, எழுத்தின் கறை பக்கத்திலேயே தங்கிவிட்டது. தாழ்ப்பாள், ஜிப், பொத்தான் எல்லாம் பொருத்திய பலகைக்குக் கொடுத்த விலைக்கு இரண்டு வாரம்தான் கிடைத்தது. எதை வாங்கினாலும் பாதியை மூட்டை கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றி இறக்குங்கள். பழையதே புதிதாகிவிடும்.

பெரியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பியை முறை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், ஆளுக்கு அரை மணி. அண்ணன் சந்தோஷமாகச் செய்தான். மகள் ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, “எனக்கும் படிக்கணும்மா. எப்பப் பாத்தாலும் நானே எந்திரிக்கணுமா?” என்றாள். அவள் கேட்டது நியாயம். பெண்பிள்ளை என்பதால் என்னையறியாமல் அவளைத்தான் அதிகம் எழுப்பியிருக்கிறேன், கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் சரிசமமாக இருபது நிமிடம், என்ன விளையாட்டு என்பதும் அவர்கள் விருப்பம். அவள் பல்லாங்குழியைத் தேர்ந்தெடுத்தாள். நாலு வயதுக்கு மேல், அவள் கண்முன்னால் மட்டும் புளியங்கொட்டை இறங்கியது. பதினான்கு குழியிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுத்தான் அவனுக்கு எண்ணிக்கையே பிடிபட்டது.

மூன்றரை வயதில் பகல் தூக்கம் நின்றபோது மறுபடி எல்லாம் ஆட்டம் கண்டது. கடினமான பாடங்களை அந்தத் தூக்க நேரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். தூங்க வேண்டாம், பாயில் படுத்துப் படம் பார் என்று ஒரு மணி நேரம் பழக்க ஒன்றரை மாதம் ஆனது. கட்டிலுக்கடியில் பாயை விரித்து ஒரு டார்ச் கொடுத்த பிறகுதான் அவனுக்கு அந்த நேரம் பிடித்துப்போனது. காய்ச்சல், சளி வந்த நாளில் நான் எதையும் முயல்வதில்லை. பெரியவர்கள் தாங்களாகப் படிப்பார்கள், அவன் என் மடியில் இருப்பான்.

மகளைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுத வைக்க எண்ணம். அதற்குப் பதினான்கு வயது முடிய வேண்டும், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் சின்னவனும் தனக்கென்று ஒரு நோட்டு வாங்கிக்கொண்டான். “எனக்கு எப்பம்மா பாடம்?” என்று தினமும் கேட்கிறான். தாம்பாளம், வாளி, புனல், டப்பாக்களை எல்லாம் போன வாரம் தங்கையின் இரண்டு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினேன். மரக்கட்டைகளை மட்டும் கொடுக்கவில்லை. பெரியவனுக்குக் கன அளவு பாடம் இனிமேல்தான் வருகிறது.