செய்தியறைப் படங்கள் இரண்டு: எதை முதலில் பார்ப்பது?

ஹோவர்ட் ஹாக்ஸின் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940), ரான் ஹோவர்டின் 'தி பேப்பர்' (1994). இரண்டிலும் சிரிப்பும் பரபரப்பும் உண்டு. ஆனால் ருசி வேறு.

பழைய படம் வாய்ச்சண்டையால் ஓடுவது. ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார்; சப்டைட்டிலோடு பார்த்தால் மூச்சு வாங்கும். நீதிமன்றக் கட்டடத்து நிருபர்கள் அறையில் பாதிப் படம் கழிகிறது. தப்பியோடிய தூக்குத்தண்டனைக் கைதியை மேசைக்குள் அடைத்துவிட்டு, அந்த மேசையருகிலேயே செய்தி தட்டுகிறார்கள்!

'தி பேப்பர்' ஏறக்குறைய ஒரே நாளில் நடக்கிறது. நிரபராதிகளான இரு கறுப்பின இளைஞர்கள் கொலை வழக்கில் கைதாகிறார்கள். உண்மை தெரிவதற்குள் தலைப்பு அச்சுக்குப் போய்விடுகிறது. 'மெஷினை நிறுத்து' என்று நகரச் செய்தி ஆசிரியராக வரும் மைக்கேல் கீட்டனும், செலவுக் கணக்குப் பார்த்து 'கூடாது' என்று நிர்வாக ஆசிரியராக வரும் க்ளென் க்ளோஸும் அச்சுக்கூடத்திலேயே கைகலக்கிறார்கள். கீட்டனின் நிறைமாத மனைவி, ஆசிரியர் குழுக் கூட்டத்தில் பக்கத்தில் இடம் பிடிக்க அடிதடி, டெட்லைன் எல்லாம் நம்பும்படி இருக்கின்றன. கடைசியில் மட்டும் சென்டிமென்ட் கொஞ்சம் தூக்கல்.

வசனத்துக்கு முதலாவதை மிஞ்ச ஆளில்லை. பத்திரிகை ஆபீஸ் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால், என் ஓட்டு 'தி பேப்பர்' பக்கம்தான்.