ஓடும்போதே பேட்ச் போடுவதா, இமேஜையே மாற்றுவதா?

கிரிட் ஹோஸ்டிங் என்ற பெயர் இப்போது அதிகம் காதில் விழுவதில்லை. 3டெரா நிறுவனம் 2006 வாக்கில் ஆப்லாஜிக் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தபோது அதைப் பற்றித்தான் பேச்சு. சாதாரண சர்வர்கள் பலவற்றை ஒன்றாகக் கோத்து, லோடு பேலன்சர், வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் தனித்தனி விர்ச்சுவல் அப்ளையன்ஸாக, அதாவது ஒரே வேலைக்கென்று தயாரித்த விர்ச்சுவல் மெஷினாக, திரையில் இழுத்து வைத்து, கோடு போட்டு இணைத்துவிடலாம். 2010-ல் சிஏ நிறுவனம் 3டெராவை வாங்கியது. பிறகு அந்தப் பெயர் மங்கிப்போனது. ஆனால் அன்றிருந்த தலைவலி, இன்று பிராக்ஸ்மாக்ஸ், ஓப்பன்ஸ்டாக் என்று எந்த விர்ச்சுவல் மெஷின் தளத்தை ஓட்டுபவர்களுக்கும் அப்படியே இருக்கிறது. முப்பது அப்ளையன்ஸ் இருந்தால் உள்ளே முப்பது லினக்ஸ் சிஸ்டம் இருக்கிறது. அவற்றை எப்படிப் புதுப்பிப்பது?

வழக்கத்தில் இருப்பவை மூன்று. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குள் போய் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடுவது ஒன்று. புதிய இமேஜ் (முழு சிஸ்டமும் அடங்கிய டிஸ்க் பிரதி) தயாரித்து, பழைய மெஷினைத் தூக்கிவிட்டுப் புதியதை நிறுத்துவது இன்னொன்று. மூன்றாவது, இரண்டு சிஸ்டம் பார்ட்டிஷன் வைத்துக்கொண்டு மாறி மாறி பூட் செய்யும் ஃபிளாட்கார் போன்ற வகை. எந்தக் கருவி நல்லது என்று ஆரம்பித்தால் விவாதம் முடியவே முடியாது. அந்த அப்ளையன்ஸில் டேட்டா எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கேட்டால், பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதல் வழி எல்லோருக்கும் பழக்கமானது. டெபியன், உபுண்டு லினக்ஸ் என்றால் ஆப்ட் என்ற பேக்கேஜ் கருவி. ரெட்ஹாட் குடும்பம் என்றால் யம் அல்லது டிஎன்எஃப். எண்ணிக்கை கூடினால் ஆன்சிபிளை வைத்து எல்லா மெஷினிலும் ஒரே கட்டளையை ஓட்டலாம். தனியாகக் கட்டமைப்பு எதுவும் தேவையில்லை, அவசரத்துக்குச் சட்டென்று கை கொடுக்கும். ஆனால் பேட்ச் போட்டாகிவிட்டது என்பதும், அந்தப் பேட்ச் வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல.

2014 ஏப்ரலில் வந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையை எடுத்துக்கொள்வோம். அது இருந்தது இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில். அந்தப் பேக்கேஜைப் புதுப்பித்தவுடன் டிஸ்க்கில் புதிய லைப்ரரி வந்து உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர், அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ, மெமரியில் ஏற்றிவைத்த பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்யும்வரை ஓட்டை ஓட்டைதான். போதாக்குறைக்கு, டெபியன் 7 ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மூலப் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்த்து வெளியிட்டது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் பேட்ச் போட்ட மெஷினும் போடாததும் ஒன்று போலவே தெரியும். இப்போது உபுண்டுவில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி எந்தெந்தச் சேவை பழைய லைப்ரரியைப் பிடித்திருக்கிறது என்று காட்டுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறினால் ரீபூட் தேவை என்ற குறிப்புக் கோப்பும் ரன் டைரக்டரியில் விழுகிறது. தானியங்கி அப்டேட்டை இயக்கி வைத்தாலும், ரீபூட் மட்டும் இயல்பில் அணைத்தே இருக்கும். ஆறு மாதமாக ரீபூட் ஆகாமல் ஓடுகிறது என்று பெருமைப்படுகிற மெஷினில் பெரும்பாலும் ஆறு மாதப் பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். ரீபூட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் இதில் ஒரு பகுதியைத்தான் தீர்க்கும். அது கெர்னல் ஓட்டைகளுக்கு மட்டும், அதிலும் எல்லாவற்றுக்கும் அல்ல.

இன்னொரு சிக்கல், மெஷின்கள் மெல்ல மெல்ல வேறுபட்டுப் போவது. ஒரே டெம்ப்ளேட்டில் பிறந்த பத்து வெப் சர்வர்களில் ஒன்றில் யாரோ நடுராத்திரியில் ஒரு பேக்கேஜைக் கையால் போட்டிருப்பார்கள். இன்னொன்றில் அப்டேட் பாதியில் நின்றிருக்கும். ஒரு வருடம் கழித்து அந்தப் பத்தும் பத்து விதம்.

இதற்குப் பதிலாக வந்ததுதான் இரண்டாவது வழி. ஆப்லாஜிக் இதை அன்றே கேட்டலாக் என்ற பெயரில் வைத்திருந்தது. அப்ளையன்ஸின் மூல வடிவம் கேட்டலாக்கில் இருக்கும். ஓடுவது அதன் பிரதி. மாற்றம் வேண்டுமென்றால் மூலத்திலிருந்து தனியாக ஒன்றைப் பிரித்தெடுத்து, உள்ளே போய்த் திருத்தி, நிறுத்தி, மறுபடி கேட்டலாக்கில் சேர்க்க வேண்டும். இன்று அதே வேலையைப் பேக்கர் என்ற கருவி செய்கிறது. அடிப்படை லினக்ஸை நிறுவி, பேட்ச் போட்டு, தேவையானவற்றைச் சேர்த்து, கடைசியில் ஒரு இமேஜாக உறைய வைத்துத் தருகிறது. புதிய மெஷின் அதிலிருந்து எழும்போது ஹோஸ்ட்பெயர், ஐபி, எஸ்எஸ்எச் சாவி எல்லாம் முதல் பூட்டில் ஓடும் கிளவுட்-இனிட் கொடுத்துவிடும். எல்லா மெஷினும் ஒரே மாதிரி. தவறு நடந்தால் பழைய இமேஜுக்குத் திரும்பிவிடலாம். வெப் சர்வர், லோடு பேலன்சர், ப்ராக்ஸி எல்லாவற்றுக்கும் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் நகல் எடுப்பதில் சில கண்ணிவெடிகள் உண்டு. சென்ட்ஓஎஸ் 6 காலத்தில் டெம்ப்ளேட்டை நகலெடுத்தால், நெட்வொர்க் கார்டின் பெயரான ஈத்0 காணாமல் போய் ஈத்1 வந்து நிற்கும். பழைய நெட்வொர்க் கார்டின் முகவரியை ஒரு யூடெவ் (சாதனங்களுக்குப் பெயரிடும் பகுதி) விதிக்கோப்பு நினைவில் வைத்திருந்ததுதான் காரணம். அது ஒழிந்தது என்று பார்த்தால், இப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்திருக்க வேண்டிய மெஷின்-ஐடி. டெம்ப்ளேட்டில் அதைக் காலி செய்ய மறந்தால், உபுண்டுவில் இரண்டு நகல்களும் ஒரே அடையாளத்தைச் சொல்லிக்கொண்டு ஐபி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடம் போய் நிற்கும். மேக் முகவரி வேறு வேறாக இருந்தும் இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைக்கும். நெட்வொர்க் சில நிமிடம் இவரிடம், சில நிமிடம் அவரிடம். இது தெரியாமல் ஸ்விட்ச்சைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

இன்னொன்று, லிங்க்டு குளோன். இடம் மிச்சம் என்று ஒரே அடிப்படை இமேஜின் மேல் பல மெஷின்களை அடுக்குவார்கள். ஒவ்வொன்றும் தன் வித்தியாசத்தை மட்டும் தனிக்கோப்பில் எழுதும். அடியில் இருப்பதை அப்டேட் செய்தால் மேலே உள்ள எல்லாமே அப்டேட் ஆகிவிடும் என்று தோன்றும். ஆகாது. மேலிருக்கும் கோப்புகள் தாங்கள் மாற்றிய பிளாக்குகளை மட்டும்தான் வைத்திருக்கும், மற்றதெல்லாம் அடியில் மாறாமல் இருக்கிறது என்றே நம்பும். அடிப்பகுதியைத் தொட்டால் அத்தனை மெஷினின் ஃபைல் சிஸ்டமும் கெட்டுப்போகும்.

சரி, டேட்டாபேஸ்? டேட்டா தனி வால்யூமில்தானே இருக்கிறது, ஓஎஸ் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதிய இமேஜை மாட்டி, அதே வால்யூமை இணைத்தால் போதுமே என்று பலரும் நினைப்பார்கள். ஒரே வெளியீட்டுக்குள் சின்ன அப்டேட் என்றால் பெரும்பாலும் சரிதான். பெரிய தாவலுக்கு அப்படி இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாக எழுத்துகளின் வரிசையை ஜிலிப்சி என்ற லினக்ஸின் அடிப்படை லைப்ரரியிடம் கேட்டுத்தான் இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) கட்டுகிறது. ஜிலிப்சி 2.28-ல் அந்த வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. டெபியன் 9-லிருந்து 10-க்குப் போனவர்களும், சென்ட்ஓஎஸ் 7-லிருந்து 8-க்குப் போனவர்களும் இந்தக் கோட்டைத் தாண்டினார்கள். போஸ்ட்கிரெஸ் பதிப்பு மாறவில்லை, டேட்டா வால்யூமில் ஒரு பைட் மாறவில்லை, சர்வர் ஒழுங்காக எழுந்துவிட்டது. ஆனால் பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸில் புதிய வரிசைப்படி தேடினால், இருக்கிற வரியையே இல்லை என்று சொல்லும். தனித்துவமாக இருக்க வேண்டிய நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டு முறை நுழைந்துவிடும். எழுத்து சார்ந்த இண்டெக்ஸ்கள் எல்லாவற்றையும் மறுபடி கட்டுவதுதான் மருந்து. பழைய பிரைமரியும் (முதன்மை சர்வர்) புதிய ரெப்ளிகாவும் (அதன் நகல்) வேறு வேறு ஓஎஸ்ஸில் இருந்தாலும் இதே கதி.

அதனால் டேட்டாபேஸ், என்ஏஎஸ் (நெட்வொர்க் கோப்புச் சேமிப்பகம்), மெயில் சர்வர் போன்றவற்றுக்கு வழக்கமான பேட்ச்சை உள்ளேயே போடுவேன், ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு, ரீபூட்டுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கி. பெரிய வெளியீட்டுக்குத் தாவும்போது மட்டும் புதிய மெஷின். அப்போதும் வால்யூமைக் கழற்றி மாட்டாமல், டம்ப் (முழு டேட்டாவின் ஏற்றுமதிக் கோப்பு) எடுத்தோ, மாற்றங்களை வரி வரியாக அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வழியாகவோ டேட்டாவைக் கொண்டுபோவது நிம்மதி. இண்டெக்ஸ் புதிய ஜிலிப்சியிலேயே கட்டப்பட்டுவிடும்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பொருந்தும் இடம் குறுகியது. ஃபிளாட்கார், கோர்ஓஎஸ்ஸிலிருந்து 2018-ல் பிரிந்து வந்தது. மூல கோர்ஓஎஸ் கன்டெய்னர் லினக்ஸ் 2020 மே மாதத்தோடு முடிந்துபோனது. சிஸ்டம் பகுதி எழுத முடியாத பார்ட்டிஷனில் இருக்கும், அப்படி இரண்டு. ஒன்றில் ஓடும்போது அடுத்ததில் புதிய பதிப்பு இறங்கும், ரீபூட்டில் இடம் மாறும், எழவில்லை என்றால் பழையதுக்கே திரும்பும். பேக்கேஜ் மேனேஜரே கிடையாது என்பதால் நடுராத்திரிக் கைவேலைக்கும் வழியில்லை. அப்ளிகேஷன்கள் எல்லாம் கன்டெய்னரில் இருந்தால், குறிப்பாகக் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸின் நோடுகளுக்கு, இதைவிட நிம்மதி வேறில்லை. இல்லையென்றால் வேண்டாம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ரீபூட் கட்டாயம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ரீபூட் ஆகாமல் வரிசைப்படுத்த ஒரு பூட்டு ஏற்பாடு செய்யாவிட்டால் கிளஸ்டர் மொத்தமாகப் படுத்துவிடும்.

எந்த வழியில் போனாலும் ஆதரவு முடியும் தேதி ஒன்று உண்டு. சென்ட்ஓஎஸ் 7-க்கு அது 2024 ஜூன் 30. மறுநாள், ஜூலை 1 அன்று, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ரெக்ரெஷன் எனப்படும் பெரிய ஓட்டை வெளியானது. வேடிக்கை என்னவென்றால், ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 7-க்கு அதில் பாதிப்பில்லை. அதிலிருந்த ஓப்பன்எஸ்எஸ்எச் அவ்வளவு பழசு. புதிதாக வைத்திருந்த டெபியன் 12 காரர்கள்தான் அன்று பேட்ச் போட ஓடினார்கள். இதைச் சொல்லிப் பழைய மெஷினை நியாயப்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த ஓட்டை பழைய பதிப்பில் இருந்தால் அவர்களுக்குப் பேட்ச் வராது, அவ்வளவுதான்.

கடைசியாக, விற்பனையாளர் மூடிக் கொடுக்கும் ஃபயர்வால், பேக்கப் அப்ளையன்ஸ்கள். அவற்றில் ரூட் (முழு நிர்வாகி) அனுமதி கிடைத்தாலும் உள்ளே போய் ஆப்ட் ஓட்ட வேண்டாம். அடுத்த அதிகாரபூர்வ அப்டேட் அதை மேலெழுதிவிடும், அல்லது அதனாலேயே தடுமாறி நிற்கும். இவற்றை வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டியது, உள்ளே இருக்கும் லினக்ஸ் எந்த வெளியீடு, அதற்கான செக்யூரிட்டி அப்டேட் எத்தனை நாளில் வரும் என்பதுதான். எழுத்தில் பதில் தரத் தயங்கினால், அந்த அப்ளையன்ஸை இணையம் தொடும் நெட்வொர்க்கில் வைக்காதீர்கள்.