ஹட்ச்சர்சனின் ‘ஹாப்பனிங்ஸ்’: கார்வையைக் கேட்க வேண்டிய ஆல்பம்

உலோகத் தகடுகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வைப்ராஃபோனும் பியானோவும் ஒரே குழுவில் இருந்தால் முதலில் வருவது இடநெருக்கடி. இரண்டும் தட்டி ஒலிக்கும் வாத்தியங்கள். இரண்டிலும் சுரம் பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு வைப்ராஃபோனின் 3 ஆக்டேவ்களும் (ஸ்தாயிகளும்) பியானோவின் நடுப்பகுதியிலேயே வந்து உட்காருகின்றன. ஓர் ஊதுகருவி கூட இருந்தால் நீளச் சுரங்களை அதன் மூச்சு தாங்கிக்கொள்ளும். ஜாஸ் வைப்ராஃபோன் கலைஞர் பாபி ஹட்ச்சர்சன் 1966 பிப்ரவரி 8 அன்று ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் நியூ ஜெர்சி ஸ்டுடியோவில் பதிவு செய்த ‘ஹாப்பனிங்ஸ்’ ஆல்பத்தில் அந்தத் துணையும் கிடையாது. வைப்ராஃபோனும், மரத்தகடுகள் கொண்ட மரிம்பாவும் வாசிப்பவர் அவர். பியானோ ஹெர்பி ஹான்காக், பாஸ் பாப் கிரான்ஷா, டிரம்ஸ் ஜோ சேம்பர்ஸ். ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அதற்கு முந்தைய ஆண்டு அவர் தலைமையில் பதிவான ‘டயலாக்’கில் ஆண்ட்ரூ ஹில்லும் சேம்பர்ஸும் எழுதியவையே இருந்தன. இங்கே ஏழு உருப்படிகளில் ஆறு அவர் இயற்றியவை.

பல வருடங்கள் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடிய ஆல்பம் இது. முதல் சில முறை வேகமும் மெட்டும்தான் பிடிபடும். பிறகு காது கார்வைக்குப் போகும்: ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே அறுபடுகிறது, அது அடங்கும்வரை மற்ற மூவர் என்ன செய்கிறார்கள் என்பதற்கு. இதன் அருமை அங்கேதான் இருக்கிறது.

எது பியானோ, எது வைப்ராஃபோன் என்று குழம்புகிறவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. வழக்கமான வைப்ராஃபோனின் 37 அலுமினியத் தகடுகளில் மிகத் தாழ்ந்த சுரம் எஃப்3, சுமார் 175 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கேட்கும் கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) எதுவும் பியானோவுடையதே. கடைசி உருப்படியில் மரிம்பா வருவதால் இந்தக் கணக்கு அங்கே மட்டும் செல்லாது. மேலே, இருவரும் ஒரே எல்லையில் இருக்கும்போது, முடிவைக் கவனியுங்கள். பியானோவில் விரலை எடுத்தால் அந்த ஒரு சுரம் மட்டும் அடங்கும். வைப்ராஃபோனில் பெடலை விட்டால் ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லாத் தகடுகளும் ஒன்றாக அடங்கும். அந்த ஒட்டுமொத்த மௌனம் பழகிவிட்டால் பிறகு குழப்பமே வராது.

கேட்கும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பம் கருவியின் குறைகளை மன்னிக்காது. வைப்ராஃபோனின் மோட்டார், ஒலிக்குழாய்களின் வாயிலுள்ள வட்டத் தகடுகளைச் சுழற்றும். அதனால் வருவது பெரும்பாலும் ஒலியளவின் ஏற்ற இறக்கம். வீணையில் கம்பியை இழுப்பதுபோல் சுரத்தை வளைப்பது அல்ல. ஆகவே எல்பி இசைத்தட்டில் நீண்ட சுரம் மேலும் கீழும் ஆடினால் அது வாசிப்பு அல்ல, கோளாறு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி எடுக்கிறது. ஆட்டம் சரியாக அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் தட்டின் நடுத்துளை மையம் விலகியிருக்கிறது. தட்டை மாற்றுவதே வழி. ஒழுங்கின்றி ஆடினால் பெல்ட்டையும் மோட்டாரையும் பாருங்கள். இதைச் சோதிக்க முதல் பக்கத்தின் ‘புகே’ போதும். மெதுவாக, இடம் விட்டுவிட்டு நகரும் உருப்படி என்பதால் சின்ன ஆட்டமும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மேல்சுரங்களில் தட்டும் கணத்தில் மட்டும் கரகரப்பு வந்தால் முதலில் ஊசியைத் துடையுங்கள். பிறகு ஊசியின் அழுத்தம், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கிறதா என்று தராசில் பாருங்கள். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு; ஊசி பள்ளத்தை விட்டு எகிறி, அதுதான் தட்டைக் கெடுக்கும். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ‘தி ஓமன்’ இருக்கிறது. லேபிளுக்கு அருகே ஒரு வினாடி இசைக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைவதால் சிதைவு அங்கே கூடும். டிஜிட்டலில் கேட்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 128 கேபிபிஎஸ் எம்பி3 வேண்டாம். தட்டும் ஒலிக்கு முன்னாலேயே மெல்லிய இரைச்சல் கசியும், கார்வையின் வாலும் மழுங்கும். சுருக்காத கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

வான் கெல்டரின் பியானோ ஒலி கொஞ்சம் பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருக்கும் என்பது பழைய குறை. இங்கும் அது உண்டு. ட்ரெபிளைக் கூட்டி அதைச் சரிசெய்யப் போனால் பியானோ தெளியாது, சிம்பல்தான் காதைக் குத்தும். அப்படியே விட்டுவிடுவது நல்லது.

‘மெய்டன் வாயேஜ்’ ஹான்காக்கின் இயற்றல். 1965 மார்ச்சில் அவர் செய்த மூலப்பதிவில் ஃப்ரெடி ஹப்பர்டின் ட்ரம்பெட்டும் ஜார்ஜ் கோல்மனின் சாக்ஸஃபோனும் மூச்சால் தாங்கும் நீளச் சுரங்களை, இங்கே தேய்ந்துபோகும் உலோகத்தில் சொல்ல வேண்டும். மூலத்தில் பழகிய காதுக்கு முதலில் இது மெலிந்து தெரியும். மூலத்தோடு ஒப்பிடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துவிட்டு, சுரம் தேயத் தேய பின்னணி எப்படி மேலே வருகிறது என்று கேளுங்கள். என் கணிப்பில் இந்த ஆல்பத்தின் நால்வர் கூட்டு மிக நன்றாக விளங்குவது இங்கேதான்.

வாசித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களும் இதிலிருந்தே தொடங்கலாம். 32 பார் (தாளச் சுற்று), ஏஏபிஏ வடிவம் (முதல் பகுதி இருமுறை, வேறொரு பகுதி, மறுபடி முதல் பகுதி), ஒவ்வொரு கோர்டும் 4 பார். பார்க்க எளிது, ஆனால் பெடலில் சறுக்கும். முதல் கோர்டான டி7சஸ்-இன் ஒன்பதாம் சுரம் இ; அடுத்து வரும் எஃப்7சஸ்-இல் இ ஃப்ளாட். பெடலை மாற்றாமல் தாண்டினால் இரண்டும் அரைச்சுர இடைவெளியில் மோதிச் சேறாகும். புதிய கோர்டைத் தட்டுவதற்கு முன்பே பெடலை விட்டால் ஓட்டை விழும். தட்டும் அதே கணத்தில் பெடலை விட்டு, உடனே மறுபடி அழுத்த வேண்டும். மெட்ரோனோமை 60-இல் வைத்து இரண்டு கோர்டுகளை மட்டும் மாறி மாறிப் பழகுங்கள். ஒரே ஒரு சுரத்தை மட்டும் அடக்க வேண்டிய இடத்தில் பெடல் உதவாது: ஒரு மாலட் (தட்டும் கோல்) அடுத்த தகட்டைத் தட்டும்போது இன்னொரு மாலட்டின் தலையை ஒலிக்கும் தகட்டின்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். தொட்டதும் எடுத்தால் அது இன்னொரு தட்டாகக் கேட்கும்.

மோட்டாரை அணைத்து வாசிப்பவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று: வட்டத் தகடுகள் எந்த நிலையில் நின்றன என்பது. செங்குத்தாக நின்றால் குழாய் திறந்திருக்கும். ஒலி பெரிதாக வரும், கார்வை சற்றுக் குறையும். படுத்துக் குழாயை மூடினால் ஒலி மெலியும், கார்வை நீளும். முன்வரிசையும் பின்வரிசையும் வெவ்வேறு நிலையில் நின்றுவிட்டால் ஷார்ப், ஃப்ளாட் சுரங்கள் மட்டும் வேறு வாத்தியம்போல் ஒலிக்கும். கையால் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

குறைகளும் உண்டு. ‘ஹெட் ஸ்டார்ட்’ விறுவிறுப்பானதுதான், ஆனால் வேகத்தில் கார்வைக்கு இடமில்லை. பலமுறை கேட்டபின் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. லத்தீன் சாயலுள்ள ‘ரோஹோ’ இனிமையாக ஓடி முடிகிறது. ‘வென் யு ஆர் நியர்’ நான்கு நிமிடம்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். தொடக்க உருப்படி ‘அக்வேரியன் மூன்’ மட்டும் வேகமும் இடமும் ஒருங்கே கொண்டது.

மரபான தாளத்தை விட்டு விலகி நிற்கும் ‘தி ஓமன்’ பலருக்கு இந்த ஆல்பத்தில் ஒட்டாததாகத் தெரியும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். மரிம்பாவின் மரத்தகடுகளுக்குப் பெடல் கிடையாது. தட்டிய சுரம் சட்டென்று இறந்துவிடும். அதுவரை 37 நிமிடம் நீண்ட உலோகக் கார்வையில் ஊறிய காதுக்கு அந்த வறண்ட மர ஒலி முகத்தில் நீர் தெளித்ததுபோல் இருக்கும். இந்தப் போக்கின் வேரைத் தேடுகிறவர்கள் 1965 ஜூனில் பதிவான ‘காம்போனென்ட்ஸ்’ தட்டைத் திருப்பி இரண்டாம் பக்கத்தைப் போடலாம். அந்தப் பக்கம் முழுவதும் டிரம்மர் ஜோ சேம்பர்ஸ் எழுதியது.