அழுக்குப் புகைக்கு எது தாங்கும்: ரெக்யூபரேட்டரா, ரீஜெனரேட்டிவ் பர்னரா?

அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். ஆனால் பழைய அலுமினியத்தை உருக்கும் உலையின் புகை 1000 டிகிரிக்கு மேலேயே வெளியேறும். எரிக்கிற எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி சிம்னிக்குத்தான். அந்தப் புகையின் சூட்டைப் பிடித்து, பர்னருக்குப் போகும் எரிகாற்றைச் சூடேற்றுவதுதான் இந்த இரண்டு கருவிகளுக்கும் வேலை. எரிகாற்றை 20 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம் என்பது இத்தொழிலின் கைக்கணக்கு.

அந்தக் கணக்கில் ரீஜெனரேட்டிவ் பர்னர்தான் முந்தும். இரண்டு பர்னர்கள் ஜோடி. ஒன்று எரியும்போது மற்றது அலுமினா உருண்டைப் படுகை வழியே புகையை உறிஞ்சும். ஒரு நிமிடம் போல ஆனதும் மாறிக்கொள்ளும்; சூடேறிய படுகை வழியே இப்போது எரிகாற்று வரும். காற்று 800 டிகிரியைத் தொடும். தகட்டுக்கு ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் காற்றும் ஓடும் ரெக்யூபரேட்டரில் 400, 500 வந்தாலே திருப்தி.

ஆனால் புகையில் உப்பு இருக்கிறதே! உருகிய உலோகத்தின் அழுக்கைப் பிரிக்க ஃப்ளக்ஸாகப் போடும் சோடியம், பொட்டாசியம் குளோரைடு ஆவியாகிப் படுகைக்குள் போய் உறைகிறது. வெள்ளையாகப் போட்ட உருண்டைகள் சாம்பல் நிறத்தில், கடலை மிட்டாய் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். உறிஞ்சல் குறைந்து, உலைக் கதவின் இடுக்கில் தீ நாக்கு நீட்டும். அப்புறம் பிரித்து, கழுவி, சலித்து, மறுபடி நிரப்ப வேண்டும். மாற்றுப் படுகை ஒன்று கையில் இல்லையென்றால் அதுவரை உலை சும்மா கிடக்கும்.

ரெக்யூபரேட்டரிலும் நெருக்கமான குழாய்க் கட்டு வகை இந்தப் புகைக்கு ஆகாது, அடைத்துக்கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள் வைத்த கதிர்வீச்சு வகைதான் சரி. உள் உருளையின் அகன்ற வழியே புகை போகிறது, அடைபட இடுக்கே இல்லை. காற்று இரண்டு உருளைகளுக்கும் நடுவே ஓடும். அதற்கு எதிரி அழுக்கல்ல, சூடு. காற்று ஓடும்வரைதான் தகடு பிழைக்கும். ஒரு பட்டறையில், உலை தணலாக இருக்கும்போதே கரண்ட் மிச்சம் என்று இரவு ஷிஃப்டில் அந்தக் காற்றை ஊதும் பிளோயரை நிறுத்திவிட்டார்கள். காலையில் நான் போய்ப் பார்த்தபோது உள் உருளை பானை வயிறாகப் புடைத்திருந்தது.

புகைச் சூட்டில் ஓடும் நீராவி பாய்லர் வைத்தால்? கதவைத் திறந்து திறந்து சரக்குப் போடும் உலையில் நீராவி ஒரே சீராக வராது. வந்தாலும் சின்னப் பட்டறையில் அதற்கு வேலையில்லை.

ஃப்ளக்ஸ் அதிகம் போடுகிறவர்களுக்கு நான் கதிர்வீச்சு ரெக்யூபரேட்டரையே சொல்வேன். சுத்தமான சரக்கு, பகலிரவு ஓட்டம் என்றால் மட்டும் ரீஜெனரேட்டிவ். ரெக்யூபரேட்டர் வாங்கினால், அதற்கு முன்னும் பின்னும் புகையில் ஆக்சிஜனை அவ்வப்போது அளந்து பாருங்கள். பின்னால் கூடினால் தகடு எங்கோ கிழிந்து, பர்னருக்குப் போக வேண்டிய காற்று சிம்னிக்குப் போகிறது.