கூரையில் சோலார், ஏழு வருடம்: வெயில் காய்கிறது, வீட்டில் கரண்ட் இல்லை

கூரைப் பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் சோலார் இன்வெர்ட்டர். பழுதான என் இன்வெர்ட்டர் 23 நாள் கழித்துப் போன வாரம்தான் வீடு திரும்பியது. அதை மாட்டிய அன்று சாயங்காலமே நண்பன் ஒருவன் போன் செய்தான். "பில்லைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. நானும் சோலார் போடலாம் என்று இருக்கிறேன். உனக்கு எப்படிப் போகிறது?" என்று கேட்டான். இருந்த கோபத்தில் "போடாதே" என்று சொல்லிவிட்டேன். காரணத்தை ஒழுங்காகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் இருப்பது 3 கிலோவாட். பேட்டரி கிடையாது, மின் இணைப்போடு சேர்ந்து ஓடுகிற வகை. நல்ல வெயில் நாளில் 12, 13 யூனிட் வரும், மேகம் மூடினால் 4 வருவதே கஷ்டம். நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணக் கணக்கில் இந்த வீட்டுக்கு நான் வாங்கியவற்றில் இதைவிட உருப்படியானது எதுவும் இல்லை. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலை எகிறி, பல நாடுகளில் வீட்டு பில்கள் வீங்கின. அந்த வருடம்கூட என் பில் பழைய நிலையைத் தாண்டவில்லை. பேனல்களுக்கும் வயதான மாதிரியே தெரியவில்லை. முதல் வருடக் கணக்கோடு ஒப்பிட்டால் குறைந்திருப்பது 4 சதவீதத்துக்குள்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் துடைக்கிறேன். நடுப்பகலில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடேறிய கண்ணாடியில் விரிசல் விழலாம். பராமரிப்பு என்றால் அவ்வளவுதான்.

வீட்டின் பழக்கமே மாறிவிட்டது. துணி துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது, சூடுபண்ணுவது எல்லாம் பகல் 10 மணியிலிருந்து 2 மணிக்குள் முடிந்துவிடும். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சி வெளி லைனுக்கு அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் தொகையைப் பல இடங்களில் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலில் ஒரே வெட்டாக வெட்டினார்கள். அதனால் விளைந்ததை வீட்டிலேயே செலவழிப்பதுதான் லாபம். இதை அம்மா என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். மேகம் பார்த்துத்தான் இஸ்திரிப் பெட்டியை எடுப்பார்.

இனி என் வயிற்றெரிச்சல்.

போட்ட முதல் கோடையில், பகல் பதினொன்றரைக்கு மின்தடை. நம் வீட்டில்தான் கூரை முழுக்கப் பேனல் இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. மாடிக்கு ஓடிப் பார்த்தால் பேனல்கள் மேல் வெயில் கொளுத்துகிறது, இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. அமைத்துக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும், அது அப்படித்தான்" என்றார்கள். விற்கும்போது அதே ஆட்கள் சொன்ன வார்த்தை, "இனிமேல் நீங்கள் மின்சாரத்தில் தன்னிறைவு."

காரணங்கள் நியாயமானவை, ஒப்புக்கொள்கிறேன். தெருவில் லைனை அணைத்துவிட்டு ஒருவர் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, என் கூரையிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். அதோடு, இந்த வகை இன்வெர்ட்டர் தானாக அலையை உருவாக்கி ஓடுவதில்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தின் அலையைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து ஓடுகிறது. பிடிக்க அலை இல்லையென்றால் நிற்பதைத் தவிர அதற்கு வழி இல்லை. பேட்டரியும் இல்லாததால், ஒரு மேகம் கடந்தாலோ ஒரு மோட்டார் கிளம்பினாலோ ஏற்ற இறக்கத்தைத் தாங்க எதுவும் கிடையாது. இதெல்லாம் சரி. வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு வரியை என்னிடம் சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் அந்த ஐந்து நிமிடம். கரண்ட் திரும்பி வந்ததும் இன்வெர்ட்டர் உடனே இணையாது. மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் நிலையாக இருக்கிறதா என்று 300 விநாடி எண்ணிவிட்டுத்தான் இணையும். ஒருமுறை போய் வந்தால் பரவாயில்லை. காற்றடிக்கும் நாளில் கரண்ட் வந்து வந்து போகும், ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். 280-ஐத் தொட்டபோது போய்விட்டால் மறுபடி 300. அப்படி ஒரு நாள், வெயிலுக்குக் குறைவே இல்லாத நாள்தான், 2 யூனிட்டோடு முடிந்தது.

இன்னொன்று, தெருவில் சோலார் வீடுகள் கூடக் கூட முளைத்த தொல்லை. எல்லோரும் நடுப்பகலில் ஒரே லைனுக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிறோம். மின்னழுத்தம் ஏறுகிறது. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 253-ஐத் தாண்டினால் என் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும். அதாவது, நன்றாக விளைகிற நேரத்தில்தான் நிற்கும். அக்கம்பக்கத்தில் நாலு பேர் அந்த நேரம் பார்த்துத் துணி துவைத்தால் அழுத்தம் இறங்கி, என்னுடையது ஓடும். சோலார் இல்லாத இரண்டு பக்கத்து வீடுகளில் சொல்லி மதியத்தில் துவைக்கச் சொன்னேன். செய்கிறார்கள், பலனும் தெரிகிறது.

ஒரு வீட்டின் குறை என்று இதை நினைத்திருந்தேன். 2025 ஏப்ரல் 28 அன்று, ஸ்பெயின் நேரப்படி பகல் 12:33 மணிக்கு, ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் கரண்ட் மொத்தமாகப் போனபோது அந்த எண்ணம் போய்விட்டது. நல்ல வெயில். ஸ்பெயினின் சோலார் நிலையங்கள் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்த நேரம். மின்னழுத்தம் கட்டுமீறி ஏறி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. சோலாரின் மேல் மட்டும் பழிபோட முடியாது. அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஏற்பாடுகள் அந்த நேரத்தில் போதவில்லை. மறுபடி உயிர் கொடுத்தவை அணை நீர்மின் நிலையங்களும், பிரான்ஸிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வரும் லைன்களும். நான் படித்தது வெளிநாட்டுச் செய்தி, ஆனால் என் கண்ணில் தெரிந்தது என் மாடிச் சிவப்பு விளக்கு.

அதனால்தான் "எரிசக்தியில் தன்னிறைவு" என்று யார் பேசினாலும், எத்தனை மெகாவாட் என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதவில்லை. கரண்ட் போன பிறகு தானே எழுந்து நிற்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. டென்மார்க்கைப் பாருங்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, ஏறக்குறைய முழுக்க இறக்குமதி எண்ணெயில் ஓடிய நாடு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட வேண்டி வந்தது. இன்று அங்கே பாதிக்கு மேல் மின்சாரம் காற்றிலிருந்து வருகிறது. ஆனால் காற்று ஓய்ந்த நாளில் கைகொடுப்பது நார்வேயின் அணைத் தண்ணீர். அதற்கான கடலடிக் கேபிளை 1970களிலேயே போட்டுவிட்டார்கள். தன் காற்றை நம்பியவர்கள் பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் சேர்த்தே திட்டம் போட்டார்கள். எனக்கு அந்த அடக்கம் பிடித்திருக்கிறது.

என் இன்வெர்ட்டர் பழுதானபோதும் அப்படித்தான், வெளியாரை நம்பி நிற்க வேண்டி வந்தது. இன்வெர்ட்டருக்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சின்ன உருளை. ஏழு வருடச் சூட்டில் காய்ந்து உப்பிவிட்டது. அந்த மாடலுக்கான போர்டு உள்நாட்டில் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வெயில் நம்முடையது, கூரை நம்முடையது, அந்தச் சின்ன உருளை மட்டும் இன்னொரு நாட்டுடையது. 23 நாள் பேனல்கள் சும்மா காய்ந்தன. சோலார் பேனல் உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில்தான் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் சொன்னதை அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் தப்பு. எண்ணெய்க் கப்பல் நின்றால் இருப்பு தீர்ந்ததும் எல்லாம் நின்றுவிடும். பேனல் அப்படி இல்லை. ஒருமுறை வந்து இறங்கிவிட்டால் 25 வருடத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம். உதிரிபாகத்தை இங்கேயே செய்தால் போதும். அதைச் செய்யாமல் பேனல் எண்ணிக்கையை மட்டும் காட்டுவதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்று காலை நண்பனை மறுபடி கூப்பிட்டேன். இந்த வகையைப் போடாதே, பேட்டரி சேர்க்கிற ஹைப்ரிட் இன்வெர்ட்டராகக் கேள் என்றேன். 5 யூனிட் மின்சாரம் சேமிக்கிற லித்தியம் பேட்டரி இருந்தால் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் தாங்கும். அவற்றுக்குத் தனி வயரிங் இழுக்கச் சொல். மெயினை அணைத்து ஓட்டிக் காட்டச் சொல், காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடு. உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதை எழுதி வாங்கு. பேட்டரிக்கு இப்போது பணம் இல்லையென்றால் ஒரு வருடம் பொறு.

"அப்படியென்றால் உன்னுடையதைக் கழற்றிவிடுவாயா?" என்று கேட்டான்.

கழற்ற மாட்டேன் என்றேன். நாளைக்கு விடியற்காலையில் பேனல் துடைக்க வேண்டும், 23 நாள் தூசி ஏறியிருக்கிறது.